மூன்றாம் பேஸ் ஓரம் ஒரு குடை

தமிழா நீங்கள்? 'தோளைத் திறக்காதடா' என்று கத்தினீர்களே, அதைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம். நான் நிற்கிறேன். பேஸ்பால் பார்க்கும்போது உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

மேட்டில் நின்று பந்து போடுகிறவன் உங்கள் பையன்தானே? பதினோரு வயது இருக்குமா? நன்றாகப் போடுகிறான். சும்மா சொல்லவில்லை, கை மேலிருந்து வருகிறது. ஆனால் நான் கவனித்தது அதை இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவன் உங்களைப் பார்க்கிறான். இதோ பாருங்கள். பார்த்தானா? பார்த்துவிட்டுத்தான் போட்டான். கொடுத்துவைத்தவர் சார் நீங்கள்.

என் பையன் இங்கே ஆடவில்லை. பேரனா? அந்த அளவுக்குக் கிழவனாகவா தெரிகிறேன்? என் பையன் செழியன் சியாட்டிலில் இருக்கிறான். நான் சனிக்கிழமைகளில் சும்மா இங்கே வந்து நிற்பேன். வீடு பக்கம்தான். 'யாரு பெத்த பிள்ளைங்க ஆடறாங்கன்னு குடையைத் தூக்கிட்டுக் கெளம்புறீங்க?' என்பாள் என் மனைவி. யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன?

குடை பழகிவிட்டது. இந்த டெக்சாஸ் வெயிலுக்கு எல்லோரும் தொப்பி போடுகிறார்கள். எனக்குத் தொப்பி போட்டால் தலை புழுங்கும். நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கிதான் எல்லாம். நானும் பள்ளிக்கூட அணியில் ஆடியிருக்கிறேன், இடது ஓரம். என் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, தொழிற்சாலைதான், எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். அந்த ஆபீஸுக்கும் எங்கள் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான் சார். ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. பந்து என் மட்டைக்கு வரும்போதெல்லாம் நான் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன். பந்து போய்விடும். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அவன் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நான் நிற்பேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இது தப்பா? சொல்லுங்கள். இல்லை, இப்போது வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செழியன் முதல்முதலாகப் பந்து போட்டபோது ஒன்பது வயது. இதே மைதானம். வரிசையாக எல்லாப் பந்தும் வெளியே போகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், அழுகை இதோ வருகிறது. அப்போது என்னைப் பார்த்தான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையில் குடை இருந்தது. அதை அப்படியே தலைக்கு மேலே உயரத் தூக்கினேன், சாமி புறப்பாட்டில் தூக்குகிற மாதிரி. பையன் சிரித்துவிட்டான். அடுத்த பந்து நேராகப் போய்க் கையுறையில் விழுந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் நிற்பேன் சார். நின்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. குடை நேராக இருந்தால் வேகப்பந்து. சாய்ந்திருந்தால் வளைகிற பந்து. அவ்வளவுதான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எதிரணிப் பையன்கள் ஆடுகிற வீடியோவை எல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். எவனுக்கு எந்தப் பந்து ஆகாது என்று எனக்கு மனப்பாடம். நமக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அடடா, வெளியே போய்விட்டது. பரவாயில்லை, அடுத்தது உள்ளே விழும். பாருங்கள், உங்களைத்தான் பார்க்கிறான்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அங்கே ஒரு கோச், ப்ரூயிட் என்று பெயர். எந்தப் பந்து போடுவது என்று அவர் கேட்சருக்குச் சொல்வார், கேட்சர் விரலைக் காட்டிப் பையனுக்குச் சொல்வான். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, உங்களுக்குத் தெரியாததா. செழியன் என்ன செய்வான், குடையோடு ஒத்துப்போகிற வரைக்கும் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான். கோச்சுக்குக் கோபம். அப்பாக்கள் யாரும் பிள்ளைகளுக்கு நேரே, கேட்சர் முதுகுப் பக்க வலைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சரி என்று நான் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது ஓடுகிறவன் மிதிக்கிற மூன்றாவது மூலைப் பக்கம், போய் வேலிக்கு வெளியே நின்றேன். அங்கே மரம் மட்டை ஒன்றும் கிடையாது. பொட்டல். வலது கைக்காரன் பந்தைப் பிடித்து நிற்கும்போது மூன்றாம் பேஸ் பக்கம்தானே முகம் இருக்கும்? முன்பைவிட நன்றாகத் தெரிந்தேன்.

கேட்சர் பையன் பெயர் மேசன். ஒன்பது வயதிலிருந்து செழியனோடு ஒரே அணி. எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு வளர்ந்தவன் என்றே சொல்லலாம். அவன் அப்பா டக், டிரக் கம்பெனியில் மேஸ்திரி மாதிரி ஒரு வேலை. நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. என்னைப் பார்த்தாலே, "கிரி, இன்னிக்கு வானிலை எப்படி? மழை வருமா?" என்பார். என் பெயர் அருணகிரி. அவர்களுக்குக் கிரிதான் வாயில் நுழையும். "வந்தா ஒனக்கும் எடம் உண்டு டக்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பெற்றவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து நேரே காரை எடுத்தால் ஒக்லஹோமா, ஆர்கன்சா என்று ஏதாவது ஊரில் போய்த்தான் நிற்கும். என் மனைவி மங்கை ஐஸ் பெட்டிக்குள் எலுமிச்சைச் சாதம் வைத்து எடுத்து வருவாள். உள்ளூர் ஆட்டம் என்றால் பெற்றவர்கள் முறை வைத்துத் தின்பண்டக் கடையில் நிற்க வேண்டும். அவள் முறை வந்தால் சிப்ஸ் மேல் உருக்கிய சீஸ் ஊற்றிக்கொண்டு நிற்பாள். அவள் ஆட்டம் பார்த்ததே குறைவு. ஒருதரம் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, அந்தக் குடையை மடிங்களேன். அவன் உங்களையேதான் பார்த்துட்டு நிக்கறான்" என்றாள். "அதுக்குத்தானே நிக்கிறேன்" என்றேன். கடைக்கே திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு ஆட்டம் புரியாது.

கல்லூரிகள் தங்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது எப்படி என்று தெரியுமா உங்களுக்கு? இன்னும் காலம் இருக்கிறது, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருஷம் நான் வீடியோ எடுத்து அனுப்பினேன். ஆபீஸ் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். கடைசியில் ஒரு கல்லூரியிலிருந்து ஹாலோவே என்று ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார். ஆள் எடுக்கிற கோச். வாராவாரம் பேசுவார். செழியன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைப்பான், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். 'என்ன படிக்க விருப்பம்?' என்பார் அவர். செழியன் என்னைப் பார்ப்பான். நான் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பேன். 'பயாலஜி' என்பான். எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை சார்.

பிறகு ஒரு சனிக்கிழமை நேரில் பார்க்கவே வந்துவிட்டார். உயரமான மனிதர், வழுக்கைத் தலை, வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்துபோய். ஆட்டம் ஆரம்பிக்குமுன் என்னைத் தேடிவந்து கை கொடுத்தார். குடும்பத்தையும் பார்ப்பார்கள், அது இங்கே வழக்கம். ஊர் எது, வேலை என்ன என்று கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரத்தில் உங்கள் மகன் என்ன செய்வான்?" மற்ற அப்பாக்களாக இருந்தால் திணறியிருப்பார்கள். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. "என்னைப் பார்ப்பான். நான் பார்த்துக்கொள்வேன்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்படியா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல சிரிப்புதான்.

என்ன சார், கத்துவதையே நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள், தோள் திறக்கிறது பாருங்கள். பையன் காத்திருக்கிறான்.

சரி. அன்றைக்கு முதல் மூன்று இன்னிங்ஸ் செழியன் நன்றாகத்தான் போட்டான். ஹாலோவே வலைக்குப் பின்னால் வேகம் அளக்கிற கருவியோடு உட்கார்ந்திருந்தார். நான்காவதில் எழுந்து நேரே என் பக்கமாக நடந்து வருகிறார். பக்கவாட்டிலிருந்து பார்ப்பார்கள், கை எப்படி வருகிறது என்று. வந்தவர் என் பக்கத்தில் நின்றார். இப்போது நீங்கள் இருக்கிற தூரம்தான். அவர் மைதானத்தைப் பார்த்தார். அப்புறம் குடையைப் பார்த்தார். மறுபடியும் மைதானம், மறுபடியும் குடை. பாவம், வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வழுக்கைத் தலையில் வியர்வை ஓடுகிறது. நம்மைத் தேடி வந்த விருந்தாளி, பிள்ளையின் வாழ்க்கையைக் கையில் வைத்திருக்கிறவர், வெயிலில் நிற்கிறார். நான் நிழலில் நிற்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நம் வளர்ப்பு அப்படி. "கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்று குடையை அவர் பக்கம் சாய்த்தேன்.

சாய்த்தேன் சார்.

இரண்டு பேஸில் எதிரணி ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். அன்று காலையில்தான் கோச் ப்ரூயிட் செழியனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: கல்லூரிக்காரர் வருகிறார், இன்றைக்கு மட்டும் மேசன் காட்டுகிறதற்கு மறுத்துத் தலையாட்டாதே என்று. எனக்கு அது பிறகுதான் தெரியும். மேசன் வேகப்பந்து கேட்டான். செழியன் 'சரி' என்று தலையசைத்தான். அப்புறம் வழக்கம்போல இந்தப் பக்கம் பார்த்தான். குடை சாய்ந்திருக்கிறது. வளைகிற பந்தைப் போட்டுவிட்டான். மேசன் நேரே மார்புக்கு வரும் என்று கையை வைத்திருக்கிறான், பந்து மடங்கித் தரையில் குத்தி எழும்பி, கையுறை இல்லாத கையில், கட்டைவிரலில்.

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது என்கிறாள் மங்கை. எனக்குக் கேட்டது. இன்னமும் கேட்கிறது. அவள் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கினால் நான் வெளியே போய்விடுவேன்.

மேசன் மண்ணில் சுருண்டு கிடக்கிறான். மங்கை கையில் சீஸ் வடிய வடிய ஐஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். டக் என்னைக் கடந்துதான் உள்ளே போனார். வானிலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே கேட்கவில்லை. மேசனுக்கு அந்த வருஷம் ஆட்டம் போயிற்று. அவனையும் ஏதோ ஒரு கல்லூரியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றுபோனது. விளையாட்டில் இதெல்லாம் சகஜம்தான். ஒரு குடை நாலு விரற்கடை சாய்ந்ததற்கு இவ்வளவா?

செழியன் மேட்டில் நின்று என்னைப் பார்த்தான். கோபமில்லை சார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் இருக்கிற ஏதோ ஒரு பலகையைப் படிக்க முடியாதவன் மாதிரி பார்த்தான். நான் சட்டென்று குடையை நிமிர்த்தினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதோடு சரி.

ஹாலோவே வேகம் அளக்கிற கருவியைப் பையில் போட்டார். "நிழலுக்கு நன்றி ஐயா" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. வேறு ஒரு கேட்சர் வந்து உட்கார்ந்தான், சின்னப் பையன், நடுங்குகிறான். செழியன் அவனிடம் போய்த் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிவிட்டு வந்தான். வந்து பந்து போட்டான் பாருங்கள். மூன்று பேர். ஒருவன் மட்டையில்கூடப் பந்து படவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அப்படிப் போட்டதில்லை, நான் சத்தியம் செய்வேன். நான் குடையை நேராகப் பிடிக்கிறேன், சாய்க்கிறேன், நிமிர்த்துகிறேன். ஒரு தடவை திரும்ப வேண்டுமே! கோபமாக முதுகைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை, நான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல. மூன்றாவது பையன் அவுட் ஆகும்போது வெளியே சரளைக்கல்லில் ஹாலோவேயின் கார் திரும்புகிற சத்தம் கேட்கிறது. பத்து நிமிஷம் சார். பத்தே பத்து நிமிஷம் அந்த மனிதர் இருந்திருந்தால்! அதற்குப் பிறகு போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எழுதினேன். பதில் இல்லை. ஏன் போனார்? நம் நிறமா, பெயரா? ஒரு பந்து தவறினால் இப்படியா விட்டுவிடுவார்கள்? எத்தனை விதமாக யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதருக்கு நிழல் கொடுத்தது குற்றமா?

செழியனுக்கு வேறொரு சின்னக் கல்லூரி இடம் தருகிறேன் என்றது. வேண்டாம் என்றுவிட்டான். கையுறையை மேசனிடம் கொடுத்துவிட்டான். ஏனென்று நான் கேட்கவில்லை. இல்லை, கேட்டேன். ஒரு நாள் காரில் போகும்போது கேட்டேன்.

"அப்பா, நான் எப்பவாவது தனியா ஒரு பந்து போட்டிருக்கேனா?" என்றான்.

"என்னடா இது, வீட்டுக்குப் பின்னால வலை கட்டி ராத்திரி பகலா நீ தனியாத்தானே போட்டுட்டு இருப்பே?"

"அப்பவும் நீங்க இருந்தீங்கப்பா."

இருந்தேன். ஆமாம், இருந்தேன். இல்லாமல் வேறெங்கே போவேன்? அதை ஒரு குறையாகச் சொல்வதுபோலச் சொன்னான். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் சுவரை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் புரியுமா அவனுக்கு?

போன டிசம்பரில் வந்திருந்தான். விமான நிலையத்தில் நல்ல மழை. கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் நடக்க வேண்டும். நான் குடையை விரித்து அவன் தலைக்கு மேல் பிடித்தேன். என்னைவிட உயரம் இப்போது, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு எட்டு கூட வந்தான். பிறகு மெதுவாக, எனக்கு வருத்தம் வரக் கூடாது என்பதுபோல மெதுவாக, வெளியே விலகி மழையில் நடந்தான். "நனையாதேடா" என்றேன். "பரவாயில்லப்பா" என்றான். பெட்டியை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போகிறான், சட்டையெல்லாம் முதுகில் ஒட்டிக்கொண்டு. நான் பின்னால் இவ்வளவு பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு போகிறேன், அதற்குள் ஆள் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? மங்கையிடம் சொன்னதில்லை. இந்தக் குடையை விரித்தால் எங்கேயோ தூரத்திலிருந்து யாரோ இதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. கடை வாசலில், கோவில் வாசலில், ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனாலும் சாய்க்கப் பயமாக இருக்கிறது. காற்று அடித்தால்கூட விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறேன். தெரியாமல் சாய்த்துவிட்டால், எங்கேயோ யாரோ அதைப் பார்த்து ஏதாவது செய்துவிடுவார்கள். மடித்து வைத்துவிடலாம்தான். ஆனால் அவன் திரும்பிப் பார்க்கிற ஒரு நாள் இது மடங்கியிருந்தால்?

இப்போது சொல்லுங்கள். நான் எங்கே தவறினேன்? அந்த விருந்தாளிக்கு நிழல் கொடுத்ததில்தானே?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? வெயிலா? இந்தப் பக்கம் வாருங்கள், இடம் இருக்கிறது. நிழலுக்கு நன்றியா? நான் ஒன்றும் கொடுக்கவே இல்லையே சார்.

எங்கே போகிறீர்கள்? கழிப்பறை அந்தப் பக்கம் இல்லை. அது கார் நிறுத்துகிற இடம். அந்தப் பெரிய ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றால் பையனுக்கு உங்களைத் தெரியாது சார். கேட்கிறதா? உங்களுக்கு ஆட்டம் தெரியும், அவனுக்கு உங்களைத் தெரியாது! மூன்று பேஸிலும் எதிரணி ஆள் நிற்கிறான், இந்த நேரத்தில் போய் மறைந்துகொள்கிறீர்களே!

பாருங்கள், தேடுகிறான். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்கிறான். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்க்கிறான். சார்! பையன் தேடுகிறான் சார்!

இங்கே பார்க்கிறான். என்னைத்தான். குடையைத்தான்.

சார், நான் என்ன செய்யட்டும்? எப்படிப் பிடிக்கட்டும்?